வீட்டில் என்ன பாஷை?

போன மாதம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுக்க நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். படிவம் நிரப்பிக்கொண்டிருந்த இளம் நர்ஸ், பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா, "தமிழாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அந்த நர்ஸ் யோசித்திருப்பாள். இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னதால் எங்கள் வீட்டில் ஒரு மனிதர் ஒரு வாரம் கூடுதலாகக் கை கட்டப்பட்டுக் கிடந்தார் என்பது அவளுக்குத் தெரிய நியாயம் இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு குன்னத்துகாலில். பதினைந்து நிமிடம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். வீட்டுக்குப் பெரியவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அவருடைய வீட்டில்தான் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம்.

பெரியப்பா பாறசாலையில் சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து நாற்பது வருஷம் ஆதாரம் எழுதியவர். நிலப் பத்திரத்துக்கு எங்கள் ஊரில் ஆதாரம் என்று பேர். அவர் எழுதும் மலையாளத்தை வக்கீல்களே ரசித்துப் படிப்பார்கள் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். வீட்டிலும் அதே மலையாளம்தான். சோற்றில் உப்பு இல்லை என்பதைக்கூட, நான்கு எல்லையும் அளந்தாயிற்று, சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி என்கிற தோரணையில் சொல்வார். தமிழ் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரைப் பெற்றவளுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் அது படித்தவன் நாலு பேர் முன்னால் பேசுகிற பாஷை இல்லை என்று அவர் எந்தக் காலத்திலோ முடிவுகட்டிவிட்டார்.

அதனால் எங்கள் வீட்டில் முன்னறையில் மலையாளம், அடுக்களையில் தமிழ். யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லோரும் அப்படியே நடந்தோம். அடுக்களையில் நாங்கள் பெரியப்பா என்று குறிப்பிடும் மனிதர், கதவைத் தாண்டியதும் வல்யச்சன் ஆகிவிடுவார். அப்பாவும் அண்ணன் முன்னால் மலையாளம்தான் பேசுவார். அப்போது அவர் இறுக்கமான சட்டை போட்டவர் மாதிரி நிமிர்ந்து நிற்பார்.

அம்மா பாடுதான் திண்டாட்டம். அவள் மேல்புறத்துக்காரி, எல்லைக்கு அந்தப் பக்கம். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆபீசர் ஒருவரும் இரண்டு வக்கீல்களும் சாப்பிட வந்தார்களாம். அம்மா தைரியமாக முன்னறைக்கு வந்து, கை கழுவி உட்காரும்படி தனக்கு வந்த மலையாளத்தில் உபசரித்திருக்கிறாள். பெரியப்பா அதே வாக்கியத்தை அதே இழுப்போடு திருப்பிச் சொல்லிக் காட்டினாராம். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார், மறுநாளே மறந்தும் போயிருப்பார். அம்மா மறக்கவில்லை. முறைக்கு அத்தானான அவர் முன்னால் அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை. காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள், தம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். இப்படிப் பதினோரு வருஷம்.

இதனால் லாபம் அடைந்தது நான். எனக்குப் பேச்சு வந்த நாள் முதல் அந்த வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மா என் காதில், "கஞ்சி ஆறிப்போவுது, குடிக்கச் சொல்லு" என்பாள். நான் முன்னறைக்குப் போய், பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தலுக்குப் பரிசு வாங்கிய குரலில், "வல்யச்சா, கஞ்ஞி தணுத்து போகுந்நு" என்பேன். பெரியப்பா தலையை ஆட்டுவார். என் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று வந்தவர்களிடம் சொல்வார். நான் இல்லாவிட்டால் இந்த வீடு எப்படி நடக்கும் என்று நிஜமாகவே நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம், ஆதாரம் எழுதிக்கொண்டிருந்த கையிலிருந்து பேனா விழுந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. மூன்று வாரம் திருவனந்தபுரத்தில் கிடந்துவிட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ஒரு டியூபோடு வீட்டுக்கு வந்தார். அதன் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீர், மருந்து எல்லாம். ஆஸ்பத்திரியில் அந்த டியூபை இரண்டு தடவை பிடுங்கிவிட்டாராம். அதனால் இடது கையைத் தோர்த்துத் துண்டால் கட்டிலோடு கட்டிவைக்கச் சொல்லியிருந்தார்கள். இருந்த ஒரு நல்ல கையும் அப்படிப் போயிற்று. தோர்த்தின் முடிச்சை அம்மாதான் போடுவாள், சின்னதாக, கெட்டியாக.

படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் வண்டி திங்கட்கிழமைதோறும் வரும். அதில் வரும் சிஸ்டர் வடக்கே கண்ணூர்ப் பக்கத்துக்காரி. வெடுவெடு என்று பேசுவாள், ஆனால் கை பஞ்சு மாதிரி. வந்த முதல் நாளே கட்டிய கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். விஷயத்தை எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னாள். இவருக்கு முழுங்கும் பலம் கொஞ்சம் இருக்கிறது. தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தரம் முழுங்க வேண்டும். சொல்வதைக் கேட்டு அப்படிச் செய்தாரானால் டியூபை எடுத்துவிடலாம், கையையும் கட்ட வேண்டாம். சொல்வது விளங்கவில்லையென்றால் கஞ்சி மூச்சுக்குழலில் போய்விடும். அப்புறம் காலத்துக்கும் டியூப்தான்.

சோதித்துப் பார்த்தாள். "கண்ணடய்க்கூ" என்றாள். பெரியப்பா அவளையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாவு நீட்டூ" என்றாள். அதற்கும் அதே பார்வை. அப்பா சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி, "வல்யச்சா, கண்ணடய்க்கூ" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிஸ்டர் ஃபைலில் ஏதோ எழுதிவிட்டு, அப்பாவிடம் கேட்டாள்: "வீட்டில் ஏது பாஷயா பறயுந்நது?"

கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். அப்பா நிமிர்ந்து நின்று, மலையாளம்தான் சிஸ்டர், அண்ணன் நாற்பது வருஷம் ஆதாரம் எழுதினவர் என்று மலையாளத்திலேயே பதில் சொன்னார். அது பொய் என்று அவருக்கே தோன்றியிருக்காது. முன்னறையில் நின்றுகொண்டு வேறு எப்படிச் சொல்வார்? கதவுக்குப் பின்னால் அம்மா நின்றாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சிஸ்டர் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம். அப்பா ஆரியங்கோட்டில் தன்னுடைய ரப்பர் ஷீட் கடையில் இருந்தார். அம்மா வெளியே ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்கு நான் காவல். கணக்கு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தபோது, கட்டில் காலில் கட்டெறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. முதல் எறும்பு அவருடைய இடது காலை எட்டிவிட்டது. எனக்கு எறும்பென்றால் உயிர் போகும். அவசரத்தில் உத்தியோகம் மறந்து, "பெரியப்பா, காலைத் தூக்கும்! எறும்பு!" என்று கத்திவிட்டேன்.

அவர் காலைத் தூக்கினார்.

எறும்புகளைத் தட்டிவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் போய் மெதுவாக, "கண்ணை மூடும்" என்றேன். மூடினார். "தொறயும்" என்றேன். திறந்தார். எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. "நாக்கை நீட்டும்" என்றேன். சப் ரிஜிஸ்திராரே எழுந்து வணக்கம் சொல்லும் என் பெரியப்பா, கோணிய வாயைத் திறந்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டினார். நானும் நீட்டினேன். அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

நியாயமாக நான் அப்போதே ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முன்னறையில் தமிழ் பேசியதற்கு அப்பா திட்டுவார் என்பது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் வேறு. பெரியப்பாவுக்குத் தமிழ் போதும் என்றால் அப்புறம் நான் எதற்கு? அம்மாவே நேராகப் பேசிவிடுவாளே. என் உத்தியோகம் போய்விடுமே என்று பயந்தேன். இதை இன்று எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளியும் சனியும் சாயங்காலம் எங்களுக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் செருப்பு அறுந்து நின்றாள் என்று ஊர்க்கதை எல்லாம் அவரிடம் தமிழில் கொட்டினேன். ஒன்பது வருஷத்தில் அவர் என்னுடைய உச்சரிப்பைத்தான் கவனித்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டது அப்போதுதான். அவர் மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் வந்தது.

எங்கள் ஊர்ச் சபையில் காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்கு மலையாள ஆராதனை. ஞாயிறன்று அம்மா முதலாவதற்குப் போய்விட்டாள். அப்பா பின்பக்கம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கும் விளையாட்டு விளையாட வேண்டும் என்று எனக்கு ஆசை. பல்லால் கடித்து இழுத்துத் தோர்த்தின் முடிச்சை அவிழ்த்தேன். "கையைத் தூக்கும்" என்றேன், தூக்கினார். என் தலையில் வைக்கச் சொன்னேன், வைத்தார். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சை, சடைக்கு ரிப்பன் கட்டும் பூ முடிச்சை, அழகாகப் போட்டுவிட்டுத் தோசை தின்னப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா பைபிளோடு கட்டிலருகே நின்றிருந்தாள். டியூப் தரையில் கிடந்தது. பெரியப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் மெல்ல வழிந்திருந்தது. அம்மா கட்டில் சட்டத்தில் தொங்கிய தோர்த்தைப் பார்த்தாள், பிறகு என் சடையைப் பார்த்தாள். அந்தப் பாதி முடிச்சை அவிழ்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார்.

"கை கெட்டினது ஆரு?" என்று சத்தம் போட்டார்.

"நான்தான். இறுக்கிக் கெட்டல்ல" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு.

அன்று பகல் முழுவதும் அவருக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லை. போனில் சிஸ்டர், வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், காலையில் முதல் வேலையாக வருகிறேன் என்றாள். அம்மா பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் அந்தப் பஞ்சைச் சப்பினார். நான் ஜுரம் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சிஸ்டர் வந்து புது டியூபை எடுத்து வைத்தாள். அப்பா பெரியப்பாவின் தோளையும் கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா தலையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அன்று சிஸ்டர் இருக்கும்போதே அவளும் முன்னறைக்குள் இருந்தாள். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள். அப்பா அங்கே நிற்கிறார். "வல்யச்சா, நாவு நீட்டூ" என்றேன்.

பெரியப்பா என்னையே பார்த்தார். இத்தனை நாள் கூட விளையாடியவள் நாலு பேர் முன்னால் தெரியாதவள் மாதிரி நடித்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. சிஸ்டர் பெருமூச்சு விட்டுக் குழாயை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். அவர் தலையைத் திருப்பத் திமிறினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"பெரியப்பா, நாக்கை நீட்டும்!" என்று அலறினேன்.

நீட்டினார்.

"ஏட்டி, என்ன பேச்சு இது பெரியப்பாட்ட!" என்று அப்பா என்னை அதட்டினார். பதற்றத்தில் அவரும் தமிழில்தான் அதட்டினார். சிஸ்டர் குழாயைப் பின்னால் எடுத்துவிட்டாள். இவள் என்ன சொன்னாள், இன்னொரு தடவை சொல்லட்டும் என்றாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்து நடுங்கிப்போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிஸ்டர் அம்மாவைப் பார்த்து, "சேச்சி பறயூ" என்றாள்.

அம்மா பெரியப்பாவின் பக்கம் குனிந்தாள். பிறகு, பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அந்த அறையில் அவள் குரல் கேட்டது.

"அத்தான், தாடையை நெஞ்சில முட்டும்படி தாத்தும்."

தாழ்த்தினார். சிஸ்டர் சாய்மானம் வைத்து உட்கார வைத்தாள். கொழகொழவென்று ஆற்றிய கஞ்சியில் அரைக் கரண்டி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "இப்ப முழுங்கும். ஆங். இன்னொருக்க முழுங்கும்." அவருடைய தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. இன்னொரு தடவையும் ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. "ஆ சொல்லும்" என்றாள். "ஆ" என்றார். பேனா விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து சொல்லிக் கேட்டு வந்த முதல் சத்தம் அது. அப்பா அழுதுவிட்டார்.

ஏழெட்டுக் கரண்டி போயிற்று. அதில் கொஞ்சம் அவர் பனியனில் சிந்தியது. அவள் அதைத் துடைத்துக்கொண்டே, குனிந்து, "என்னை மன்னிச்சிரும் அத்தான்" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். என் உத்தியோகம் இன்னும் போகவில்லை என்ற சந்தோஷத்தில், கஞ்சி சிந்திவிட்டதல்லவா, அதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று மலையாளத்தில் விளக்கினேன். அதனாலென்ன என்று சிஸ்டர் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் என்ன பாஷை என்று நான் கேட்டேனா இல்லையா?

"மலையாளம்தான் சிஸ்டர்... அண்ணன் ஆதாரம் எழுத்துகாரர்ல்லா" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்தபடி, நல்ல தமிழில்.

சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பிற்பாடு படித்ததெல்லாம் போய் முதலில் பேசினது மட்டும் நிற்கும் என்று சிஸ்டர் சொன்னாள். பக்கத்துப் பக்கத்துப் பாஷையில் ஒன்று போய் ஒன்று எப்படி நிற்கும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஃபைலின் பின்பக்கம் முழுங்கும், தூக்கும், வலிக்குதா என்றெல்லாம் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு போனாள். கை அவிழ்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பெரியப்பா இருந்தார். வேளாவேளைக்கு அம்மா அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கஞ்சியோடு ஊர்க்கதையும் ஊட்டுவாள். நான் கொஞ்ச நாள் இரண்டு பேரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம், கண்ணில் கட்டோடு ஆட்டோவில் திரும்பும்போது அந்த நர்ஸின் கேள்வியை நினைத்து நாங்கள் மறுபடி சிரித்தோம். சிரித்து முடித்த அம்மா, "நீ அவரை நாக்கு நீட்டச் சொன்னது நான் கண்டேன்" என்றாள்.

"எல்லாரும்தான் கண்டோம். திங்கட்கிழம."

"இல்ல மக்களே. வியாழக்கிழம. நான் சன்னலுக்கு வெளிய ஷீட் போட்டுட்டுல்லா நின்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பதினோரு வருஷம் நான் வாயடச்சு இருந்தேன். நாலு நாளு அவரும் இருக்கட்டும்னு ஒரு நெனப்பு வந்துது. வந்துது, என்ன செய்ய. ஞாயித்துக்கிழம மூக்கில ரெத்தம் கண்டப்பதான் எனக்கு..." என்றவள், கட்டுப் போடாத கண்ணால் ரோட்டைப் பார்த்தாள்.

அந்த நாலு நாள் மௌனம் என்னுடையது மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டபோது பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார், இடது கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவருக்கு விளங்கியிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற நான்தான், கஞ்சி சிந்திவிட்டது, அதற்காக என்று சிஸ்டருக்குச் சுத்தமான மலையாளத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.